லுக்லாவுக்கு மேலே ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் கீழே: காட்மாண்டு சிறு ட்ரெக்கிங் நிறுவனம் ஒன்றின் அனுபவம்

நவம்பரில் எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போக நினைக்கும் நண்பர் ஒருவர், "நீங்க வழக்கமா போற அந்தக் காட்மாண்டு கம்பெனியிலேயே போட்டுடலாமா? பதினாலு நாள்ல முடிச்சுத் தர்றேன்னு கொட்டேஷன் அனுப்பியிருக்காங்க" என்று கேட்டிருந்தார். அந்தப் பதினாலு நாள் என்ற சொல்தான் இதை விரிவாக எழுத வைத்தது.

நிறுவனம் காட்மாண்டுவின் தமேல் பக்கம் ஒரு சின்ன மாடி அலுவலகம். உரிமையாளரும் அவர் குடும்பமும், கூடச் சில கைடுகளும்தான். பேருந்து நிறைய ஆள் சேர்த்துப் போகும் குழுப் பயணம் இவர்களிடம் இல்லை. நமக்கு எத்தனை நாள் இருக்கிறது, எவ்வளவு வேகமாக நடப்போம், எங்கே தங்க விருப்பம் என்று கேட்டு, அதற்கேற்பத் தனியாகத் திட்டம் போட்டுத் தருவார்கள். ஒரு கைடு, இரண்டு பேருக்கு ஒரு போர்ட்டர், பர்மிட், நடை தொடங்கும் மலை ஊரான லுக்லாவுக்கு விமான டிக்கெட் எல்லாம் அவர்கள் பொறுப்பு. பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் சொல்ல வரும் குறை இந்த அளவில் இயங்கும் பல நிறுவனங்களுக்கும் பொருந்தும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்லது.

மலைமேல் ஏறும் திட்டம் போடுவதில் இவர்களுக்கு இணையாகப் பெரிய நிறுவனம் எதையும் நான் பார்க்கவில்லை. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு இரவு தங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே ஊரில் இன்னொரு இரவு தங்க வேண்டும் என்பது பொது விதி. வழக்கமான திட்டத்தில் நாம்ச்சே 3,440 மீட்டரில் இரண்டு இரவு, தெங்போச்சே 3,860, திங்போச்சே 4,410-இல் இரண்டு இரவு, லோபுச்சே 4,940, கோரக்‌ஷெப் 5,164 என்று போகும். இதில் தெங்போச்சேயிலிருந்து திங்போச்சேக்கு ஒரே நாளில் 550 மீட்டர், அடுத்து லோபுச்சேக்கு 530 மீட்டர். பெரும்பாலானவர்கள் சமாளித்துவிடுவார்கள். ஆனால் ஐம்பது வயதைத் தாண்டியவர்களும் மெதுவாக நடப்பவர்களும் இருந்தால் இவர்கள் அந்தப் படிகளை உடைத்துத் தருகிறார்கள்: நாம்ச்சேக்குப் பிறகு கும்ஜுங் 3,790, பாங்போச்சே 3,985, பிறகு திங்போச்சே, அதன்பின் துக்லா 4,620, அப்புறம்தான் லோபுச்சே. இரண்டு நாள் கூடும். ஆனால் தலைவலியோடு லோபுச்சேயில் படுத்து, மறுநாள் இறங்குவதா ஏறுவதா என்று தவிக்க வேண்டியதில்லை.

லாட்ஜ்களை முன்கூட்டியே இறுக்கிப் போட்டு வைப்பதும் இல்லை. கைடு முந்தின நாள் போனில் சொல்லிவைப்பார். சீசன் நெரிசலில் லோபுச்சேயிலும் கோரக்‌ஷெப்பிலும் அறை கிடைப்பது கஷ்டம். அங்கே மட்டும் போர்ட்டரை விடியற்காலையிலேயே முன்னால் அனுப்பி அறை பிடித்துவிடுவார்கள். உடம்பு சரியில்லை என்று ஒரு இரவு கூடுதலாகத் தங்கினால் அடுத்தடுத்த புக்கிங் எல்லாம் சரிந்துவிடும் என்ற நெருக்கடி நமக்கும் இல்லை, கைடுக்கும் இல்லை. உயரத்தில் ஆளைக் கெடுப்பது பெரும்பாலும் அந்த நெருக்கடிதான். பெரிச்சேயில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் 1973-லிருந்து நடத்தும் மருத்துவ நிலையத்தில், சீசனில் பிற்பகல்களில், காற்று மெலிந்த உயரத்தில் வரும் உயர நோய் பற்றிப் பேச்சு நடக்கும். திங்போச்சே ஓய்வு நாளில் நடந்து போய் அதைக் கேட்டு வரும்படி இவர்களே திட்டத்தில் எழுதி வைக்கிறார்கள். அந்த நோயைத் தடுக்கச் சாப்பிடும் அசிட்டசோலமைடு மாத்திரை பற்றி மட்டும் அவர்கள் வாயே திறப்பதில்லை, அதுவும் சரிதான். ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், சல்ஃபா அலர்ஜி இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள்.

போர்ட்டர் விஷயம். லுக்லா லாட்ஜ் முற்றத்தில் கைடு ஒரு தொங்குதராசை எடுத்து, நம் பைகள் ஒவ்வொன்றையும் கொக்கியில் மாட்டித் தூக்குவார். ஊசி 10 கிலோவைத் தாண்டினால் அங்கேயே பையைத் திறக்கச் சொல்வார். இரண்டு பைகளையும் கயிற்றால் ஒன்றாகக் கட்டி, மேலே போர்ட்டரின் சொந்த மூட்டையை வைத்து, நாம்லோ என்ற நெற்றிப்பட்டையில் தொங்கவிட்டுப் பார்ப்பார்கள். மொத்தம் 25 கிலோவுக்குள் இருக்க வேண்டும். எடை மிஞ்சினால் லுக்லாவில் விட்டுச்செல்லலாம், திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தராசு முன்னால் யார் கெஞ்சினாலும் கைடு இளகியதில்லை. போர்ட்டருக்கு இன்சூரன்ஸ் போட்ட ரசீதையும் கேட்டால் காட்டுகிறார்கள். இந்த இரண்டுக்காகவே இவர்களுக்குப் பணம் கொடுக்கலாம்.

சாப்பாட்டைப் பேக்கேஜில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் வேளைக்கு இவ்வளவு, ஒரு டீ என்று கணக்கு வரும். தனியாகக் கொடுத்தால் தால் பாத்தில் சோறும் பருப்பும் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கலாம். அறை வாடகை மிகக் குறைவு. அதே லாட்ஜில்தான் இரவும் காலையும் சாப்பிட வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். இந்த வழி போகும் கும்பு பள்ளத்தாக்கில் உயிர் வதை செய்வதில்லை என்பதால் இறைச்சி எல்லாம் கீழிருந்து முதுகில் சுமந்து நாள் கணக்கில் மேலே வருகிறது. அசைவம் சாப்பிடுகிறவர்களும் நாம்ச்சேக்கு மேலே சைவத்துக்கு மாறுவது வயிற்றுக்கு நல்லது.

பர்மிட்டில் ஒன்றைக் கவனியுங்கள். எவரெஸ்ட் இருக்கும் சகர்மாதா தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணம் வெளிநாட்டினருக்கு 3,000 நேபாள ரூபாய், இந்தியா உள்ளிட்ட சார்க் (தெற்காசிய) நாட்டவருக்கு 1,500. இரண்டுக்கும் 13 சதவீத வரி தனி. எல்லோருக்கும் ஒரே கொட்டேஷன் அனுப்பும் பழக்கத்தில் இந்தியர்களுக்கும் 3,000 போட்டுவிடுகிறார்கள். சுட்டிக்காட்டினால் உடனே திருத்துவார்கள். அதனால் பர்மிட், டிக்கெட், கைடு கூலி, போர்ட்டர் கூலி, வண்டி என்று பிரித்துக் கேளுங்கள். ஒரு இந்திய ரூபாய் 1.6 நேபாள ரூபாய் என்ற நிலையான விகிதம் 1993-லிருந்து மாறவில்லை. டாலரில் கேட்டு வாங்கி மாற்றிக் குழம்ப வேண்டியதில்லை. இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. விமானத்தில் போவதற்கு ஆதார் செல்லாது, பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை வேண்டும்.

இவ்வளவு நன்றாகச் செய்கிறவர்கள், லுக்லாவுக்குப் போகும் வழியையும் திரும்பும் வழியையும் ஒவ்வொரு சீசனிலும் அதே அலட்சியத்தோடு எழுதுகிறார்கள். "முதல் நாள்: லுக்லாவுக்கு விமானம், பாக்டிங் வரை நடை." ஒரே வரி. இந்த வரிக்குள் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று பார்ப்போம்.

காட்மாண்டு விமான நிலைய நெரிசலால், 2019-லிருந்து வசந்தகால, இலையுதிர்கால சீசன்களில் லுக்லா விமானங்களில் பெரும்பாலானவை ராமேச்சாப் மாவட்டத்து மந்தலியிலிருந்துதான் கிளம்புகின்றன. காட்மாண்டுவிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர். பி.பி. நெடுஞ்சாலையில் நான்கைந்து மணி நேரம் என்பார்கள். 2024 செப்டம்பர் வெள்ளத்தில் ரோசி ஆற்றை ஒட்டிய பகுதி நெடுக அரித்துப் போன பிறகு அந்தக் கணக்கை நம்ப முடியாது. காலை ஆறு மணி விமானத்தைப் பிடிக்க தமேலிலிருந்து நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குக் கிளம்ப வேண்டும். அதாவது அந்த இரவு தூக்கம் கிடையாது, மலைவளைவுகளில் வாந்தி உண்டு, அதே நாளில் மூன்று நான்கு மணி நேர நடையும் உண்டு. முந்தின நாள் பகலிலேயே மந்தலி போய்ப் படுத்தால் இத்தனையும் தீரும். லாட்ஜ் சுமார்தான், புழுக்கம் இருக்கும், ஆனால் தூங்கலாம். இதைத் திட்டத்தில் அவர்களாக எழுதியதே இல்லை. ஒவ்வொரு முறையும் நாம்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது டிக்கெட். லுக்லா ஓடுபாதை 527 மீட்டர், சரிவு 11 சதவீதத்துக்கு மேல். ஒரு முனையில் மலைச்சுவர், மறுமுனையில் பள்ளம். இறங்க வந்த விமானம் மனம் மாறி மேலே எழும்பிச் சுற்றி வர வழியில்லை. முழுக்கக் கண்ணால் பார்த்து ஓட்டுவதுதான், மேகம் மூடினால் நிற்கும். நண்பகல் நெருங்க நெருங்கக் காற்றும் எழும். அதனால் ஒரே விமானம் காலையில் விடாமல் போய்ப் போய் வரும். முதல் ஷிஃப்ட், இரண்டாவது ஷிஃப்ட் என்று டிக்கெட்டைப் பிரிப்பார்கள். முதல் ஷிஃப்ட் ஒரு மணி நேரம் தாமதமானால் எல்லாமே தள்ளும், நான்காவது ஷிஃப்டுக்குக் காலைப் பொழுதே மிஞ்சாது. முதல் ஷிஃப்ட் இருக்கைகளைப் பெரிய நிறுவனங்கள் மாதங்களுக்கு முன்பே மொத்தமாகப் பிடித்துவிடுகின்றன. நம்மவர்கள் நம் அட்வான்ஸ் வந்த பிறகு ஒன்றிரண்டாக வாங்குவதால் மூன்றாவது, நான்காவதுதான் கிடைக்கிறது. மலைமேல் நமக்கு நன்மையாக இருக்கும் அவர்களுடைய சின்ன அளவு, மந்தலி கவுண்ட்டரில் நமக்கே பாதகம். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை; சொல்லாமல் மறைப்பதைத்தான் குற்றமாகச் சொல்கிறேன்.

விமானம் ரத்தானால் என்ன ஆகும் என்பதும் திட்டத்தில் இருக்காது. மறுநாள் காலை நமக்கு முதலிடம் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கிடைக்காது. மறுநாளைக்கு டிக்கெட் வைத்திருப்பவர்கள் முதலில் போவார்கள், மிச்ச இருக்கையும் கூடுதல் விமானமும் இருந்தால்தான் நமக்கு. இரண்டு நாள் தொடர்ந்து மேகம் மூடினால் வரிசை நூற்றுக்கணக்கில் நீளும். அப்போது பலர் சேர்ந்து கட்டணத்தைப் பகிர்ந்துகொள்ளும் பங்கு ஹெலிகாப்டர் என்ற பேச்சு வரும். விமானக் கட்டணத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு, அன்றைய கூட்டத்தைப் பார்த்து விலை. கைடு போனில் உரிமையாளரைக் கேட்பார், உரிமையாளர் ஒரு தொகை சொல்வார், அரை மணியில் அது கூடியிருக்கும். விமான டிக்கெட் பணம் எவ்வளவு திரும்ப வரும், எப்போது வரும் என்று கேட்டால் "பார்த்துக்கலாம்" என்ற பதில்தான். மலையில் அத்தனை நிதானமான மனிதர்கள், இந்த ஒரு விஷயத்தில் இப்படி மழுப்புவதை என்னால் மன்னிக்க முடியவில்லை. முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்: ரத்தானால் ஹெலிகாப்டருக்கு உச்சவரம்பு என்ன, யார் பங்கு எவ்வளவு, திரும்ப வரும் பணம் எத்தனை நாளில்.

(மருத்துவ ஹெலிகாப்டர் வேறு விஷயம். தேவையில்லாத மீட்புகளைக் காட்டி இன்சூரன்ஸ் பணம் பறித்தது பற்றி 2018-இல் நேபாள அரசே விசாரித்தது. இந்த நிறுவனத்து கைடுகள் அதில் சுத்தம்: இன்சூரன்ஸ் அவசர எண்ணுக்குப் பேசாமல் ஹெலிகாப்டரை அழைப்பதில்லை. பாலிசியில் 6,000 மீட்டர் வரை மலையேற்றம் என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.)

இப்போது அந்தப் பதினாலு நாள் கணக்கு. காட்மாண்டு வந்து சேரும் நாள் ஒன்று. லுக்லா ஏறும் நாளிலிருந்து லுக்லாவை விட்டு இறங்கும் நாள் வரை பன்னிரண்டு. ஊருக்குக் கிளம்பும் நாள் ஒன்று. பதினாலு சரியாக வந்துவிட்டது. ஆனால் மந்தலியில் முந்தின இரவு இல்லை, மேகத்துக்கு ஒரு நாள்கூட இல்லை. இறங்கும் விமானம் காலை ஒன்பதுக்கு மந்தலி வந்தாலும் தமேல் சேர மாலை ஆகிவிடும். ஒரு நாள் தள்ளினால் டெல்லி விமானம் போச்சு, டெல்லியிலிருந்து சென்னைக்குத் தனியாக எடுத்த டிக்கெட்டும் போச்சு. மந்தலிக்கு ஒரு நாள், திரும்பும்போது மேகத்துக்கு இரண்டு நாள் சேர்த்தால் பதினேழு. அதற்குக் குறைந்து இந்த வழியைத் திட்டமிடவே கூடாது. மேகம் மூடாவிட்டால் அந்த இரண்டு நாளில் காட்மாண்டு பக்கத்துப் பழைய நகரங்களான பக்தபூரும் பாட்டனும் பார்க்கலாம். காட்மாண்டு ஹோட்டலுக்கும் சுற்றுலா வண்டிக்கும் முன்பணம் கட்டி அந்த நாட்களை நிரப்ப அவர்கள் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

விமானமே வேண்டாம் என்பவர்களுக்கு, லுக்லாவுக்குக் கீழே உள்ள சல்லேரி வரை ஜீப் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். அங்கிருந்து மேலே மண்பாதையில் இன்னொரு ஜீப், பிறகு நடை. மழை பெய்தால் பாதை சேறு. முதுகுவலி உள்ளவர்களுக்கு ஆகாது. ஆனால் நாள் நிச்சயம். இதையும் இவர்களே ஏற்பாடு செய்து தருவார்கள், கேட்டால் மட்டும்.

நண்பருக்கு என் பதில்: இவர்களைப் போல மலையில் அழைத்துப் போகிறவர்கள் எனக்குத் தெரிந்து வேறு இல்லை, இருந்தாலும் இந்த நவம்பருக்கு வேண்டாம். உங்களிடம் பதினாலு நாள்தான் இருக்கிறது, அந்தக் கொட்டேஷனை அவர்கள் அனுப்பியிருக்கவே கூடாது. லுக்லா விமானம் தேவைப்படாத அன்னபூர்ணா பேஸ் கேம்ப்பை அதே நாட்களில் அவர்களிடமே கேட்டுப் பாருங்கள், போக்ராவிலிருந்து ஜீப்பில் போய் நடக்க ஆரம்பிக்கலாம். எவரெஸ்ட்தான் வேண்டுமென்றால் மார்ச்சில் பதினேழு நாள் லீவு சொல்லிவைத்துவிட்டு, அட்வான்ஸை இப்போதே கட்டி, முதல் ஷிஃப்ட் டிக்கெட்டின் நகல் கைக்கு வந்த பிறகு டெல்லி டிக்கெட் எடுங்கள்.