ஓடிஎன் 2006: டிஎல்ஆர்9-க்கு நம்பகமான தூண்டி, ஆனால் ஒப்பீட்டுத் துண்டான 2137 இல்லாமல் வாங்காதீர்கள்

பாக்டீரியா டிஎன்ஏவில் மீத்தைல் என்ற வேதிக்குழு ஏறாத சிஜி ஜோடிகள் (ஒரே இழையில் சி எழுத்தை அடுத்து ஜி) ஏராளம். நம் டிஎன்ஏவில் சிஜி ஜோடிகளே குறைவு, இருப்பவற்றிலும் பெரும்பாலானவற்றில் மீத்தைல் இருக்கும். செல் உள்ளிழுத்தவை போய்ச் சேரும் பையான எண்டோசோமில் இருக்கும் டிஎல்ஆர்9 என்ற நோயெதிர்ப்பு உணரி பிடிப்பது இந்த வேறுபாட்டைத்தான். அதை ஆய்வகத்தில் தூண்டிவிட விற்கும் செயற்கைத் துண்டு ஓடிஎன் 2006: 24 எழுத்து, ஒற்றை இழை, டிஎன்ஏவை வெட்டும் நொதியான நியூக்ளியேஸ் எளிதில் வெட்டாத, கந்தகம் சேர்ந்த பாஸ்போரோதயோயேட் முதுகெலும்பு.

எதிர்ப்பொருள் சுரக்கும் வகையான மனித பி செல்லில் நன்றாக வேலை செய்கிறது. செல் தானாகவே உள்ளிழுத்துக்கொள்ளும், டிரான்ஸ்ஃபெக்ஷன் (டிஎன்ஏவைச் செல்லுக்குள் வலிந்து செலுத்துவது) தேவையில்லை. வைரஸை எதிர்க்கும் புரதமான இன்டர்ஃபெரான்-ஆல்ஃபா நிறைய வேண்டுமானால் ஓடிஎன் 2216 வாங்குங்கள். எலி செல்லுக்கு 1826. மோனோசைட் வகை ஆய்வகச் செல்லான டிஹெச்பி-1-இல் போட்டுவிட்டு 'சரக்கு மோசம்' என்பவர்கள் உண்டு; அதில் டிஎல்ஆர்9 மிகக் குறைவு, சரக்கின் மேல் தப்பில்லை.

குப்பியைத் திறக்குமுன் மையவிலக்கியில் சுழற்றிவிடுங்கள், உலர்ந்த தூள் மூடியில் ஒட்டியிருக்கும். 1 மில்லிகிராமுக்கு எண்டோடாக்சின் (பாக்டீரியாவின் வெளியுறை நச்சு) இல்லாத நீர் 260 மைக்ரோலிட்டர் ஊற்றினால் ஏறக்குறைய 500 மைக்ரோமோலார். அதை 25 மடங்கு நீர்த்து, 180 மைக்ரோலிட்டர் செல்லுடன் அதில் 20 மைக்ரோலிட்டர் சேர்த்தால் தட்டின் குழியில் 2 மைக்ரோமோலார். நேரடியாக 0.8 மைக்ரோலிட்டர் எடுக்கப் போனால் பிப்பெட் ஏமாற்றும்.

நீரின் தரத்தில் கஞ்சத்தனம் கூடாது. டிஎல்ஆர்9 தூண்டப்பட்டால் சிக்னல் காட்டும்படி ஆக்கிய ஹெச்ஈகே ரிப்போர்ட்டர் செல்லில், எண்டோடாக்சினை உணரும் டிஎல்ஆர்4 இல்லாததால் எண்டோடாக்சின் கலந்திருந்தாலும் தெரியாது. அதே கரைசலை ரத்த வெள்ளணுக்களில் போட்டால் அவற்றில் ஒரு வகையான மோனோசைட்டுகள் ஐஎல்-6 என்ற அழற்சிப் புரதத்தைக் கொட்டிவிடும், பழி டிஎல்ஆர்9 மேல் விழும்.

ஒப்பிட்டுப் பார்க்க உதவும் 2137 என்பது அதே எழுத்துகள், சிஜி மட்டும் ஜிசி ஆக்கப்பட்டது; எனவே டிஎல்ஆர்9-ஐத் தூண்டக் கூடாது. அளவு கூடினால் இதுவும் சிக்னல் தரலாம்; முதுகெலும்பு புரதங்களில் ஒட்டுவதால் வரும் வினை அது. அப்போது அளவைக் குறையுங்கள். எண்டோசோமின் அமிலத்தன்மையைக் கெடுக்கும் குளோரோகுயினில் அடங்கும் சிக்னல் எண்டோசோம் வழி என்பதற்கு நல்ல அறிகுறி.

பெரிய குறை: இது முழு பாக்டீரியா டிஎன்ஏ அல்ல. லிஸ்டீரியா போல சைட்டோசோலுக்குள் (செல்லின் உள்திரவம்) புகும் கிருமியின் கதையை இதை வைத்துச் சொல்ல முடியாது. அங்கே இரட்டை இழை டிஎன்ஏவைப் பிடிப்பவை சிகாஸ், எய்ம்2 என்ற வேறு இரு உணரிகள். அதற்கு 45 எழுத்து ஜோடி நீள இரட்டை இழை டிஎன்ஏவான ஐஎஸ்டி துண்டை டிரான்ஸ்ஃபெக்ட் செய்தால் சிகாஸ் வழி எழும். எய்ம்2-க்கு இன்னும் நீளமான டிஎன்ஏ போடுவது நல்லது.