அல்கோன்குயின் பூங்காவா, ஆப்பிள் தோட்டமா?

ரொறன்ரோவில் வாழும் நம் குடும்பங்கள் இலையுதிர்காலம் வந்தால் வடக்கே அல்கோன்குயின் பூங்காவுக்குச் செல்வதா, நகரை அண்டிய ஆப்பிள் தோட்டத்துக்குச் செல்வதா என்று யோசிக்கத் தொடங்கிவிடுகின்றன. 1893இல் நிறுவப்பட்ட அல்கோன்குயினில் சர்க்கரை மேப்பிள் மரங்கள் பொதுவாகச் செப்டெம்பர் இறுதியிலிருந்து ஒக்டோபர் முதல் வாரம் வரையே செக்கச் சிவந்து நிற்கும். ஒக்டோபரின் இரண்டாம் திங்களன்று வரும் நன்றி நவிலல் விடுமுறைக்குக் காத்திருப்பவர்கள் பெரும்பாலும் அச்சிவப்பைத் தவறவிட்டு, மஞ்சள் இலைகளோடு திருப்தியடைய நேரும். போவதற்கே ஏறக்குறைய 3 மணி நேரம் ஆகும். நுழைவு அனுமதியையும் முன்கூட்டியே பதிவு செய்துகொள்வது நல்லது. ஆயினும் அந்த நீண்ட பயணத்தில்தான், கட்டுச்சோற்றைப் பிரித்துக் கொடுத்தபடி அம்மம்மா ஊர்க்கதை சொல்ல, பிள்ளைகள் கைப்பேசியை மறந்து கேட்பதைக் கண்டிருக்கிறேன்.

ஆப்பிள் தோட்டத்தில் அத்தகைய பேச்சுக்கு இடம் குறைவு, கைகளுக்கு வேலை அதிகம். ஒன்ராறியோவிலேயே தோன்றிய மக்கின்ரொஷ் வகை செப்டெம்பர் நடுப்பகுதியில் பழுக்கும். மரங்களைக் குட்டையாகவே வளர்ப்பதால் சிறு குழந்தையும் தானே பறிக்கலாம், கீழ்நோக்கி இழுக்காமல் மேலே தூக்கித் திருகினால் போதும். முழங்கால் வலியுள்ள மூத்தோரும் கைக்குழந்தையும் உடன் வருவார்களாயின் நான் தோட்டத்தையே தேர்வேன். இல்லையேல், வார நாளொன்றில் அல்கோன்குயினை.