ஒரு போன், 24 பிள்ளைகள்: தொடக்கப்பள்ளியில் ஆறு வருடம் செயலிகளைப் பயன்படுத்திய அனுபவம்

செங்கம் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில் 4, 5ஆம் வகுப்புகளைச் சேர்த்து உட்காரவைத்துப் பாடம் நடத்துகிறேன். பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் டீச்சர் ஒருத்தி போன வாரம் போன் செய்து, "அக்கா, பிள்ளைங்களுக்கு எந்த ஆப் நல்லாயிருக்கு, ரெண்டு மூணு பேர் சொல்லுங்களேன்" என்று கேட்டாள். பேர் மட்டும் சொன்னால் போதாது, எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன். கொரோனா ஊரடங்கு தொடங்கி இதுவரை முப்பது நாற்பது செயலிகளாவது இறக்கிப் பார்த்திருப்பேன். இன்றைக்கும் வகுப்பில் ஓடுவது நான்குதான்.

அதில் நான் தினமும் தொடுவது பிளிக்கர்ஸ். பிள்ளைகள் கையில் எந்தக் கருவியும் வேண்டாம். ஒவ்வொருவருக்கும் எண் போட்ட ஒரு காகித அட்டை, அதில் கறுப்புக் கட்டங்களாக ஓர் உருவம், நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்தில் இருக்கும். எந்தப் பதிலைச் சொல்ல நினைக்கிறார்களோ அந்தப் பக்கம் மேலே வருகிற மாதிரி அட்டையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். நான் போன் கேமராவை வகுப்பு முழுக்க ஒரு சுற்றுக் காட்டினால் யார் சரி, யார் தவறு என்று பெயரோடு வந்துவிடும். ஆளுக்கு ஆள் உருவம் மாறுவதால் பக்கத்து அட்டையைப் பார்த்து எழுதுகிற வேலை நடக்காது. முதல் வருடம் அட்டை கிழியாமல் இருக்கட்டும் என்று பளபளப்பாக லேமினேஷன் செய்துவிட்டேன், ஜன்னல் வெளிச்சம் பட்டு மின்னியதில் கேமரா பாதி அட்டையைப் படிக்கவில்லை. அப்புறம் பழைய காலண்டர் அட்டையில் ஒட்டினேன், இரண்டு வருடம் உழைத்தது. விரல் கறுப்புக் கட்டத்தின் மேல் படக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு வாரம் ஆகும்.

இது எனக்குக் கொடுத்த பெரிய விஷயம் ஒன்று உண்டு. "புரிஞ்சுதா?" என்றால் 24 பேரும் "புரிஞ்சுது டீச்சர்" என்பார்கள். ஒருநாள் பின்னம் நடத்தி முடித்துவிட்டு, கால் பங்கு பெரிதா அரைக்கால் பங்கு பெரிதா, அதாவது 1/4ஆ 1/8ஆ என்று கேட்டேன். பதினைந்து பேருக்கு மேல் 1/8 பக்கம் தூக்கினார்கள். 4ஐ விட 8 பெரிது, அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. நன்றாகப் படிக்கிற பையன்கூட அதில் இருந்தான். வாயால் கேட்டிருந்தால் முதல் பெஞ்சுப் பதிலை வைத்து அடுத்த பாடத்துக்குப் போயிருப்பேன்.

அதைச் சரிசெய்ய உதவியது ஃபெட். இயற்பியலுக்கு 2001இல் நோபல் பரிசு வாங்கிய கார்ல் வீமன், அடுத்த வருடம் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இணையதளம் இது, கணக்கையும் அறிவியலையும் திரையில் நாமே மாற்றி மாற்றிச் செய்து பார்க்கிற மாதிரிகள் இதில் இருக்கும். முழுக்க இலவசம், தமிழிலும் நிறைய இருக்கிறது, நெட் இருக்கும்போது இறக்கி வைத்துக்கொண்டால் பிறகு நெட் இல்லாமலே ஓடும். பின்னங்கள் அறிமுகம் என்பதில் ஒரு வட்டம் வரும், கீழே உள்ள எண்ணைக் கூட்டக் கூட்டத் துண்டு சிறுத்துக்கொண்டே போகும். ஆனால் இதை முதலில் காட்டாதீர்கள். நான் முதலில் காகிதத்தை வட்டமாக வெட்டிக் கொடுத்து, தோசை என்று சொல்லி, எட்டு பேருக்குப் பங்கு போடச் சொன்னேன். மடித்து மடித்து அவர்களாகவே "இத்துனூண்டு வருது டீச்சர்" என்றார்கள். அதன் பிறகு திரையில் பார்த்தபோது எண்ணை மாற்றுவதற்கு முன்பே துண்டு சிறுக்கும் என்று கத்தினார்கள். கையால் செய்யாததைத் திரையில் பார்த்தால் அது அவர்களுக்கு வெறும் படம்.

மூன்றாவது ஸ்டோரிவீவர் என்கிற கதைத் தளம், குழந்தைகள் புத்தகம் போடுகிற பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கியது. நான்கு நிலைகளில் தமிழ்க் கதைகள் இருக்கின்றன, அச்செடுக்கலாம், அசல் எழுதியவர் பெயரைப் போட்டுவிட்டு நாம் மாற்றியும் எழுதலாம், அந்த உரிமத்தில்தான் வெளியிடுகிறார்கள். நான் புரொஜெக்டரில் படத்தைப் போட்டு எழுத்து இருக்கும் இடத்தைச் சார்ட் பேப்பரால் மறைத்துவிடுவேன். கதையைப் பிள்ளைகள் சொல்ல வேண்டும். அப்பா அம்மா கட்டட வேலைக்குப் பெங்களூரு போய்விட, ஆயாவோடு இருக்கிற ஒரு பெண், பள்ளியில் வாயே திறக்க மாட்டாள், யானைப் படம் வந்தபோது எழுந்து நின்று ஐந்து நிமிடம் பேசினாள். அவள் சொன்ன வாக்கியங்களையே எழுதி, படத்தோடு அச்செடுத்துக் கயிற்றில் தொங்கவிட்டோம். மறுநாளிலிருந்து அதைத் தினமும் போய்ப் படித்துக்கொண்டிருந்தாள்.

கூகுளின் ரீட் அலாங் நான்காவது, 2019இல் போலோ என்ற பெயரில் வந்தது. பிள்ளை சத்தமாகப் படிக்க, தியா என்கிற பாத்திரம் கேட்கும், தெரியாத சொல்லைத் தொட்டால் சொல்லிக்கொடுக்கும். கதைகளை இறக்கிவிட்டால் டேட்டா வேண்டாம். வகுப்புச் சத்தத்தில் இது நடக்காது, வேப்பமரத்தடியில் ஒருவர் ஒருவராக, பத்து பத்து நிமிடம். மற்றவர்கள் முன் திக்குகிறவன் போனிடம் கூச்சமில்லாமல் படிக்கிறான்.

நீக்கியவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், பெயர் வேண்டாம். கணக்கு விளையாட்டு ஒன்றில் ஒவ்வொரு சுற்றுக்கும் நட்சத்திரம் தருவார்கள். முப்பது நட்சத்திரம் வாங்கிய பையனிடம் சிலேட்டில் 52இல் 27 போக எவ்வளவு என்றேன், 35 என்று எழுதினான். 2இல் 7 போகாது என்றதும் 7இலிருந்து 2ஐக் கழித்திருக்கிறான். செயலி நான்கு விடை காட்டும், ஒன்று தவறினால் அடுத்ததைத் தட்டலாம், அவன் தட்டித் தட்டியே நட்சத்திரம் சேர்த்திருக்கிறான், கடன் வாங்கிக் கழிக்கவே தெரியாமல். எனக்கு அன்றைக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது, ஏனென்றால் மூன்று வாரம் அவன் முன்னேறுகிறான் என்று நம்பியிருந்தேன். இன்னொன்றில் நடுவில் ரம்மி விளம்பரம் வந்தது, அதே நிமிடம் நீக்கிவிட்டேன். விளம்பரம் வருகிற எதையும் பிள்ளைகள் கையில் கொடுப்பதில்லை, அது எவ்வளவு நல்ல செயலியாக இருந்தாலும்.

வீட்டுப்பாடத்தைப் போனில் கொடுப்பதையும் விட்டுவிட்டேன். போன் அப்பாவோடு வேலைக்குப் போய் இரவு ஏழு மணிக்குத்தான் வீட்டுக்கு வருகிறது, அதற்குள் பிள்ளை பாதித் தூக்கத்தில் இருக்கும்.

இன்னும் கிடைக்காத ஒன்று, ல, ள, ழ சொல்லிப் பழக ஒரு செயலி. எங்கள் பக்கம் வீட்டில் பழத்தைப் 'பயம்' என்பார்கள். ஒரு செயலியில் பிள்ளை எப்படிச் சொன்னாலும் பச்சை விளக்கு எரிந்தது. இப்போதைக்கு ஆளுக்கொரு சின்னக் கண்ணாடி கொடுத்து, நாக்கு எங்கே மடிகிறது பார் என்று சொல்லித்தான் நடத்துகிறேன். யாராவது நல்லதாக ஒன்று பார்த்திருந்தால் சொல்லுங்கள், வருகிற ஜூனிலேயே வகுப்பில் போட்டுப் பார்க்கிறேன்.