ஜாஸ்மாஸ்டர்: ஒன்பது வருடமும் ஒரு பிரிட்ஜும்

ஜாஸ்மாஸ்டர் என்கிற எலெக்ட்ரிக் கிட்டாரை வாங்கலாமா என்று நண்பன் கேட்டு மூன்று நாள் ஆகிறது. என்னுடையதைப் போன வாரம்தான் ரிப்பேரிலிருந்து வாங்கி வந்தேன், உடனே பதில் சொல்லியிருந்தால் திட்டுதான் வந்திருக்கும், அதனால் கொஞ்சம் ஆறவிட்டு எழுதுகிறேன். என்னிடம் இருப்பது ஃபெண்டர் கம்பெனியின் அசல் இல்லை, அறுபதுகளின் மாடலைப் பார்த்து வேறொரு கம்பெனி செய்த நகல். ஒன்பது வருடமாக வாசிக்கிறேன்.

தகராறு எல்லாம் பிரிட்ஜோடுதான், அதாவது கம்பிகளைத் தாங்கும் பாகத்தோடு. கொஞ்சம் பலமாக அடித்தால் ஆறாவது கம்பி சாடிலின் (பிரிட்ஜில் கம்பிக்கு ஒன்றாக இருக்கும் குட்டித் துண்டு) பள்ளத்திலிருந்து எகிறிப் பக்கத்துப் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். சாடிலைத் தாங்கும் குட்டி ஸ்க்ரூக்கள் அதிர்விலேயே இறங்கிவிடும், அப்புறம் எங்கிருந்தோ ஒரு கிர்ர்ர். நெயில் பாலிஷ் தடவி இறுக்கிப் பார்த்தாயிற்று (அந்தப் பாட்டிலுக்காக வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை).

சரி, நியாயமாகப் பேசினால் தப்பு பாதி நம்முடையது. 1958-ல் லியோ ஃபெண்டர் இதைக் கொண்டுவந்தபோது அவர் மனதில் இருந்தவர்கள் ஜாஸ் வாசிப்பவர்கள், அன்றைய கம்பிகளும் தடிமன். அந்த இழுப்புக்கு பிரிட்ஜ் அடங்கி உட்காரும், சுருதியை ஆட்டும் நெம்புகோலான ட்ரெமோலோவை அமுக்கினால் பிரிட்ஜும் கூடவே சாய்ந்து கம்பியைச் சுருதிக்குத் திருப்பிக் கொண்டுவரும். ஆனால் ஜாஸ்காரர்கள் தங்கள் ஹாலோபாடியை (உள்ளே வெற்றிடம் உள்ள கிட்டார்) விடவில்லை, கலிஃபோர்னியாவின் சர்ஃப் இசைப் பையன்கள்தான் இதைத் தூக்கிக்கொண்டார்கள். பிறகு ஊரே மெல்லிய கம்பிக்கு மாறியது, பிரிட்ஜ் மாறவில்லை. ஃபெண்டரின் இன்னொரு மாடலான ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கும் மேலே வைத்து விற்ற கிட்டார், 1980 வாக்கில் தயாரிப்பே நின்று, பழைய சாமான் விலைக்குக் கிடைத்து, சோனிக் யூத், டைனோசர் ஜூனியர் போன்ற ராக் குழுக்களின் கையில் போய்த்தான் பிழைத்தது.

இப்போது ரிப்பேர்காரர் நெக்குக்கு அடியில் ஒரு ஷிம் (மெல்லிய துண்டு) வைத்து, பிரிட்ஜை உயர்த்தி, கொஞ்சம் தடித்த 11 செட் கம்பி போட்டுக் கொடுத்தார். ஆறு நாள் தாங்கியது.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் பாவம். கம்பிகளின் முனையைப் பிடித்திருக்கும் ட்ரெமோலோ, பிரிட்ஜைவிட்டு எங்கோ தள்ளி இருப்பதால்தான் கம்பி சரியாக அமுங்காமல் எகிறுகிறது. ஆனால் அந்த இடைவெளியில் நீண்டு கிடக்கும் கம்பித் துண்டை பிக்கால் சுண்டினால், கோயில் மணியை யாரோ தூரத்தில் தட்டிவிட்டுப் போன மாதிரி ஒரு சத்தம் வரும். ஸ்ட்ராட்டோகாஸ்டரில் நீங்கள் தலைகீழாக நின்றாலும் வராது. ராத்திரி ஆம்ப்ளிஃபயரைக் குறைத்து வைத்துக்கொண்டு, மேலே இருக்கும் ரிதம் சுவிட்சைத் தட்டி, அந்த மங்கலான தொனியில் வாசித்துக்கொண்டே இடையிடையே அதைச் சுண்டுவேன், மணி இரண்டாகியிருக்கும்.

வாங்காதே. மீறி வாங்கினால் முதல் நாளே ஃபெண்டரின் மஸ்டாங் மாடலுடைய பிரிட்ஜை மாற்றிவிடு, ஒரு சாடிலுக்கு ஒரே பள்ளம், கம்பி ஓட இடமில்லை. நான் ஏன் மாற்றவில்லை என்று கேட்காதே, நேற்றும் கிர்ர்ர்தான்.