டர்போ: ப்ளோ-ஆஃப் வால்வோடா, இல்லாமலா?

டர்போ தன் கம்ப்ரசர் சக்கரத்தால் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும்; காலை எடுக்கும்போது தேங்கும் அந்த அழுத்தத்தை விடுவிப்பதுதான் ப்ளோ-ஆஃப் வால்வு. வால்வைக் கழற்றிவிட்டு ஓட்டினால், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இன்ஜினுக்குக் காற்றை விடும் கதவான த்ராட்டில் மூடிக்கொள்ளும், அழுத்தத்தில் நிற்கும் காற்று வேறு வழியில்லாமல் கம்ப்ரசர் சக்கரத்தின் வழியாகவே திரும்பி வரும், அந்தப் படபடப்புதான் ஃப்ளட்டர். குறைந்த பூஸ்டில், அதாவது டர்போ தரும் அழுத்தம் குறைவாக இருக்கும்போது, டர்போ உடனே செத்துவிடாது, சரி. பூஸ்ட் ஏற ஏற அடி வாங்குவது, டர்போ தண்டு முன்னும் பின்னும் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்தான்.

வால்வு இருந்தால் காற்று அதன் வழியே போய்விடும். வெளியே விடும் வகை 'புஸ்' என்று கேட்க ஜோர்தான், ஆனால் சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் கார் மாதிரி, உள்ளே வரும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில், ஏற்கெனவே அளந்த காற்று வெளியேறிவிடுவதால் கொஞ்ச நேரம் பெட்ரோல் கலவை அதிகமாகிவிடும். கம்பெனி பொருத்தும் ரீசர்குலேஷன் வால்வு அந்தக் காற்றைக் கம்ப்ரசருக்கு முன்னாலேயே திருப்பிவிடுகிறது. தினசரி ஓட்டும் வண்டியில் நான் அந்தக் கம்பெனி வால்வை மாற்றமாட்டேன்.

டீசல்காரர்களுக்குப் பெரும்பாலும் இந்தத் தலைவலியே இல்லை, அங்கே காலை எடுத்தாலும் காற்றுவழி இப்படி அடைபடாது.