டின்ஐ: படத்துக்கு உரியவரைத் தேட எவ்வளவு தூரம் உதவும்?

சமூக ஊடகத்தில் கிடைத்த படத்தைப் போட்டு, கீழே 'நன்றி: இணையம்' என்று எழுதிவிட்டால் போதும் என்ற நினைப்பு செய்தி அறைகளை விட்டு இன்னும் போகவில்லை. எடுத்தவர் ஒருவர் எங்கோ இருக்கிறார்; காப்புரிமை பெரும்பாலும் அவருடையது. அவரைத் தேட உதவும் கருவிகளில் மூத்தது டின்ஐ. படத்தையே கொடுத்து, அது இணையத்தில் எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடும் சேவை (TinEye) இது; 2008 முதல் ஒரு கனடா நிறுவனம் நடத்துகிறது. கூகுள் லென்ஸ் கையில் இருக்கும்போது இது எதற்கு என்பதுதான் கேள்வி.

இரண்டுக்கும் வேலை வேறு. படத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்து, அதைப் போன்றவற்றையெல்லாம் லென்ஸ் அள்ளிக் கொட்டும். கட்டடத்தையோ பெயர்ப்பலகையையோ வைத்து இடத்தைக் கண்டுபிடிக்க அதுதான் சரி. டின்ஐ முகத்தை அடையாளம் காணாது; அதே ஆளின் இன்னொரு படத்தைக் காட்டாது. கொடுத்த அதே படம், வெட்டியதோ சுருக்கியதோ நிறம் மாற்றியதோ, வேறு எந்தெந்தப் பக்கங்களில் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். உரிமையாளரைத் தேடும்போது வேண்டியது இந்தக் குறுகிய பார்வைதான்.

ஸ்கிரீன்ஷாட்டை அப்படியே ஏற்றாதீர்கள். மேலே பேட்டரிக் குறி, கீழே லைக் எண்ணிக்கை எல்லாம் சேர்ந்து தேடலைக் கெடுக்கும். படத்தை மட்டும் வெட்டி எடுத்துக் கொடுங்கள். ஒன்றும் வரவில்லையென்றால் இடவலமாகத் திருப்பி இன்னொரு முறை தேடுங்கள். திருட்டை மறைக்க அப்படித் திருப்பிப் போடுபவர்கள் உண்டு.

முடிவுகளை முதலில் 'மிகப் பழையது' என்று அடுக்கிப் பாருங்கள். அங்கே தெரியும் தேதியைத்தான் பலர் தவறாகப் படிக்கிறார்கள். அது படம் எடுத்த நாளும் அல்ல, வெளியான நாளும் அல்ல. டின்ஐ அந்தப் படத்தை அந்தப் பக்கத்தில் முதலில் கண்ட நாள். ஆகவே அது ஒருபக்கச் சான்று. 2015இல் கண்டதாகக் காட்டினால், 'நேற்றைய வெள்ளம்' என்று வரும் ஃபார்வர்டு பொய் என்று அடித்துச் சொல்லலாம். ஆனால் முடிவே வரவில்லை என்பதால் படம் புதியது என்று சொல்ல முடியாது. லாகின் கேட்கும் பக்கங்களுக்குள்ளும் வாட்ஸ்அப் குழுக்களுக்குள்ளும் டின்ஐ எட்டிப் பார்ப்பதில்லை.

அடுத்து 'மிகப் பெரியது'. அளவை மட்டும் நம்ப வேண்டாம், சின்னப் படத்தைப் பெரிதாக்கும் மென்பொருள்கள் மலிந்துவிட்டன. ஓரங்களைப் பாருங்கள். எதில் காட்சி அதிகமாகத் தெரிகிறதோ அதுவே மூலத்துக்கு நெருக்கம். வெட்டுப்பட்ட மூலையில் வாட்டர்மார்க் இருந்திருக்கலாம். உங்கள் படத்தையும் கிடைத்ததையும் மாற்றி மாற்றிக் காட்டும் ஒப்பீட்டு வசதி இதற்கென்றே இருக்கிறது. விற்பனைப் படத் தொகுப்புகளில் உள்ளவற்றைத் தனியே பிரித்தும் காட்டுகிறது. அங்கே ஒன்று சிக்கினால் விலையும் நிபந்தனையும் அந்தப் பக்கத்திலேயே கிடைக்கும்.

டின்ஐ கை கொடுக்காத இடம், உடனடிச் செய்தி. 2010 ஜனவரி 12 அன்று ஹைட்டி நிலநடுக்கத்தைப் படமெடுத்த புகைப்படக்காரர் டேனியல் மொரெல், அன்றே ட்விட்டர் வழியாகப் பகிர்ந்தார். வேறொருவர் அவற்றைத் தன்னுடையவை போல மறுபதிவு செய்ய, பிரெஞ்சு செய்தி நிறுவனமான ஏஎஃப்பி அந்தக் கணக்கிலிருந்து எடுத்து, படங்களை விற்கும் கெட்டி இமேஜஸ் வழியாகவும் விநியோகித்தது. 2013இல் நியூயார்க் நீதிமன்றத்தில் ஜூரி விதித்த இழப்பீடு, 8 படங்களுக்கு 12 லட்சம் டாலர். ட்விட்டரில் போட்டால் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்ற வாதம் எடுபடவில்லை. இப்படிச் சில மணி நேரமே ஆன படம் டின்ஐயின் அட்டவணைக்கு, அதாவது அது இணையத்தில் கண்டு பதிந்து வைத்திருக்கும் படங்களின் பட்டியலுக்கு, வந்திருக்காது. அப்போது பதிவான நேரங்களை ஒப்பிடுவதும், அதே காட்சியின் முன்பின் படங்கள் யாரிடம் இருக்கின்றன என்று கேட்பதும்தான் வழி.

பெயர் கிடைத்துவிட்டாலும் அனுமதி கிடைத்ததாகாது. நீங்களே எடுத்ததா, எங்கே, எப்போது, அச்சு, இணையம், சமூகப் பக்கம் ஆகியவற்றில் எதற்கெல்லாம் சம்மதம், கிரெடிட்டில் என்ன பெயர் என்று எழுத்தில் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். 'ஓகே' என்ற ஒற்றைச் சொல் பிறகு வழக்கில் நிற்காமல் போகலாம்.

தேடக் கொடுக்கும் படத்தைத் தன் அட்டவணையில் சேர்ப்பதில்லை என்கிறது நிறுவனம். வெளியிடாத படங்களைச் சோதிப்பவர்களுக்கு இது ஆறுதல். வீடியோவை நேரடியாகத் தேட முடியாது. முக்கியக் காட்சிகளை நிலைப்படங்களாகப் பிரித்துத் தரும் இன்விட் (InVID) என்ற நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) பிரவுசரில் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். இன்னொன்று, இலவசத் தேடல் வணிகமல்லாத பயன்பாட்டுக்குத்தான். செய்தி நிறுவனங்கள் விதிமுறைகளைப் படித்து, தேவையானால் கட்டணச் சேவைக்குப் போவதே முறை. அடுத்தவர் உரிமையைத் தேடும் கருவியையே விதி மீறிப் பயன்படுத்துவது நன்றாகவா இருக்கும்?