ஊர்ப் பயணத்தில் மெல்லிய லேப்டாப்: எடை, பேட்டரி, போர்ட் எதை விட்டுக்கொடுக்கலாம்?

ஊருக்கு மூன்று நான்கு வாரம் போய், அங்கிருந்தே பாதி வேலையையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு இந்தக் குறிப்பு. விமானம், உறவினர் வீடு, அலுவலகக் கூட்ட அறை, பிரின்ட் எடுக்கும் இடம் என்று ஒவ்வோர் இடத்திலும் லேப்டாப்புக்குக் கிடைக்கும் வசதி வேறு. கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது இது எதுவும் தெரியாது. எடை மட்டும்தான் தெரியும்.

முதலில் எடையையே சரியாகப் போட வேண்டும். லேப்டாப்பைத் தனியாக நிறுக்காதீர்கள், பையை நிறுங்கள். ஒரு கிலோ லேப்டாப்போடு பழைய மாதிரி 65 வாட் சார்ஜரும் அதன் கம்பியும் சேர்ந்தால் 300 கிராம் கூடும். யுஎஸ்பி-சி போர்ட் மட்டுமே இருந்தால் ஹப் (ஒரு போர்ட்டைப் பல போர்ட்டாக்கும் சிறு பெட்டி) ஒன்று, சுமார் 80 கிராம். பேட்டரி சிறியது என்பதால் பவர் பேங்க், 400 கிராம். ஆக, ஒரு கிலோ என்று வாங்கியது தோளில் 1.8 கிலோவாகத் தொங்கும். இதற்குப் பதில் 1.3 கிலோ எடையில், 70 வாட்-ஹவர் (பேட்டரி தேக்கும் மின்சாரத்தின் அளவு) பேட்டரியும், வெளித் திரையை இணைக்கும் எச்டிஎம்ஐ, பென் டிரைவ் செருகும் பழைய யுஎஸ்பி-ஏ போர்ட்டுகளும் உள்ள லேப்டாப்பை எடுத்து, காலியம் நைட்ரைடு வகைச் சிறிய சார்ஜரைச் சேர்த்தால் மொத்தம் ஒன்றரைக் கிலோவுக்குள் முடிந்துவிடும். கனமான லேப்டாப்தான் இங்கே லேசான பை.

போர்ட்டுகள் ஏன் காணாமல் போயின என்பதற்குக் காரணம் உயரம். யுஎஸ்பி-ஏ பிளக்கும் எச்டிஎம்ஐ பிளக்கும் நாலரை மில்லிமீட்டர் உயரம் கொண்டவை. அவற்றைச் சுற்றி உலோகக் கூடும் மூடியும் வர வேண்டும். யுஎஸ்பி-சி வாய்க்கு இரண்டரை மில்லிமீட்டர் போதும். 2015-இல் வந்த ஆப்பிளின் 12 அங்குல மேக்புக் 0.92 கிலோ, அதில் ஒரே ஒரு யுஎஸ்பி-சி போர்ட், கூடவே ஹெட்போன் துளை. சார்ஜ் போட்டால் பென் டிரைவ் செருக இடமில்லை. அதே நிறுவனம் 2016-இல் மேக்புக் புரோவிலிருந்து எடுத்த எச்டிஎம்ஐயையும் எஸ்டி கார்டு வாயையும் 2021-இல் திரும்பக் கொண்டுவந்தது. மெலிவுக்காக எடுத்தது தப்பு என்று பயன்படுத்தியவர்கள் ஐந்து வருடம் சொன்னதற்குக் கிடைத்த பலன் இது என்றே நான் நினைக்கிறேன்.

பயணத்துக்குக் குறைந்தபட்சம் இரண்டு யுஎஸ்பி-சி, ஒரு யுஎஸ்பி-ஏ, ஒரு எச்டிஎம்ஐ. யுஎஸ்பி-சி இரண்டும் ஒரே பக்கத்தில் இல்லாமல் பக்கத்துக்கு ஒன்றாக இருந்தால் இன்னும் நல்லது; சுவர் பிளக் எந்தப் பக்கம் இருக்கும் என்பது நம் கையில் இல்லை. ஊரில் யுஎஸ்பி-ஏ இன்னும் உயிரோடு இருக்கிறது. பிரின்ட் எடுக்கும் இடத்தில் பென் டிரைவ் கேட்பார்கள், ஸ்கேன் செய்த பத்திரம் பென் டிரைவில் வரும், டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் அதே பிளக்தான்.

இனி பேட்டரி. பெட்டியில் போட்டிருக்கும் ‘18 மணி நேரம்’ என்பது பெரும்பாலும் திரை வெளிச்சத்தைக் குறைத்து வைத்து, ஏற்கெனவே இறக்கிவைத்த வீடியோவை ஓட்டிப் பார்த்த கணக்கு. நம்ப வேண்டியது வாட்-ஹவர் எண்ணை. அதை லேப்டாப் இழுக்கும் வாட்டால் வகுத்தால் மணி நேரம் வந்துவிடும். எழுதுவது, மின்னஞ்சல் பார்ப்பது போன்ற வேலைக்கு 6 வாட் என்று வைத்தால் 50 வாட்-ஹவர் பேட்டரி எட்டு மணி நேரம் தாங்கும். வீடியோ கால் வந்தால் கேமரா, மைக், வைஃபை, பிராசஸர் எல்லாம் சேர்ந்து 12 முதல் 15 வாட் இழுக்கும். அதே பேட்டரி நாலு மணி நேரத்தில் படுத்துவிடும். வெளிச்சமான இடத்தில் திரையை முழுசாக ஏற்றினால் இன்னும் இரண்டு மூன்று வாட் போகும். மின்சாரம் போகிற நாளில் கூட்டம் இருந்தால் கேமராவை நிறுத்துங்கள், திரையைப் பாதியாகக் குறையுங்கள். முக்கால் மணி நேரமாவது கூடுதலாகக் கிடைக்கும்.

பழைய லேப்டாப் என்றால் பெட்டியில் இருந்த எண்ணும் செல்லாது. சாதாரண லித்தியம் பேட்டரி 300 முதல் 500 முழுச் சுற்றுக்குள் (முழுச் சார்ஜ் ஏறி முழுசாக இறங்குவது ஒரு சுற்று) கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். கிளம்பும் முன் விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட்டை எடுத்து, வடிவமைப்புக் கொள்ளளவையும் இப்போதைய முழுச் சார்ஜ் கொள்ளளவையும் ஒப்பிடுங்கள். பாதிக்குப் பக்கத்தில் வந்திருந்தால் பேட்டரியை மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். ஊரில் போய் அந்த மாடலுக்கு அசல் பேட்டரி தேடுவது பல நாள் வேலை.

விமானத்தில் 100 வாட்-ஹவர் வரை கேள்வி இல்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். 16 அங்குலப் பெரிய லேப்டாப்புகளின் பேட்டரிகூட 99 சொச்சத்தில் நிற்பதற்கு இதுதான் காரணம். பவர் பேங்க்கில் மில்லியாம்ப்-ஹவர் மட்டும் போட்டிருந்தால் அதை 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். 20,000 என்றால் 74 வாட்-ஹவர். 27,000 என்றால் 99.9. 30,000 என்றால் 111. அனுமதி இல்லாமல் ஏறாது. எண் அழிந்துபோன பவர் பேங்க்கைப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். செக்-இன் பெட்டியில் எந்தப் பவர் பேங்க்கையும் வைக்கக் கூடாது. 2025 முதல் பல நிறுவனங்கள் பறக்கும்போது பவர் பேங்க் பயன்படுத்துவதையே தடுத்துவிட்டன, ஆகவே அதை நம்பி வேலையைத் திட்டமிடாதீர்கள். அந்த 74 வாட்-ஹவரும் முழுசாக லேப்டாப்புக்கு வராது. வோல்டேஜை ஏற்றும்போது வெப்பமாகப் போவது போக அறுபது சொச்சம்தான் வந்து சேரும்.

இருக்கையில் உள்ள யுஎஸ்பி-ஏ துளை போனுக்கு மட்டும்தான். இருக்கைக்கு அடியில் உள்ள மின் பிளக் பல விமானங்களில் 75 வாட் அளவில் அடங்கும். காலியான பேட்டரியோடு 100 வாட் சார்ஜரைச் செருகினால் பிளக் தானாக அணைந்துவிடும். பிளக்கின் விளக்கு எரியாததைப் பார்த்துப் பழுது என்று நினைப்பார்கள். சார்ஜரை உருவி, ஒரு நிமிடம் விட்டு, லேப்டாப்பை ஸ்லீப்பில் போட்டபிறகு செருகினால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். 45 வாட் சார்ஜர் கொண்டுபோனால் இந்தத் தொல்லையே இல்லை.

உறவினர் வீட்டில் அடுத்த குழப்பம் தொடங்கும். 80 வாட் என்று எழுதிய போன் சார்ஜரை அன்போடு எடுத்துத் தருவார்கள். செருகினால் லேப்டாப் கண்டுகொள்ளாது. பல போன் சார்ஜர்கள் அந்த வாட்டைத் தங்கள் நிறுவனத்தின் போனுக்கு மட்டும்தான் தரும்; மற்றவற்றுக்கு 5 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். லேப்டாப் எதிர்பார்ப்பது யுஎஸ்பி பவர் டெலிவரி முறையில் 15 அல்லது 20 வோல்ட். சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் ‘20 வோல்ட், 3.25 ஆம்பியர்’ என்று இருந்தால் 65 வாட், தாராளமாகப் போதும். கேபிளும் முக்கியம். சாதாரண யுஎஸ்பி-சி கேபிள் 3 ஆம்பியரோடு நிற்கும், அதாவது 60 வாட். அதற்கு மேல் வேண்டுமென்றால் உள்ளே அடையாளச் சில்லு வைத்த 5 ஆம்பியர் கேபிள் தேவை.

உலோக உடம்புள்ள லேப்டாப்பைச் சார்ஜில் போட்டபடி தடவினால் விரலில் சுரசுரவென்று ஒரு கூச்சம் வரும். சார்ஜருக்குள் இரைச்சலை அடக்க வைத்திருக்கும் ஒரு சிறு மின்தேக்கி வழியாகக் கசியும் மிகச் சிறிய மின்சாரம் அது. இரண்டு முள் பிளக்கில் அது தரைக்கு இறங்க வழியில்லை. எர்த் முள்ளோடு வரும் மூன்று முள் கம்பியைச் சார்ஜரில் மாட்டி, எர்த் உண்மையிலேயே இணைக்கப்பட்ட பிளக்கில் செருகினால் போய்விடும். அப்படிச் செய்தும் சுள்ளென்று அடித்தால் அது வேறு விஷயம். உடனே சார்ஜரைக் கழற்றுங்கள், அந்த பிளக்கை எலக்ட்ரீஷியன் பார்க்காமல் யாரும் தொட வேண்டாம்.

ஹப் வாங்குகிறவர்கள் மூன்று விஷயத்தில் ஏமாறுகிறார்கள். ஹப் வழியாகச் சார்ஜ் போட்டால் அது தனக்கென்று 10, 15 வாட் ஒதுக்கிக்கொள்ளும். 65 வாட் சார்ஜரில் லேப்டாப்புக்கு 50-தான் வரும். விலை குறைந்த ஹப்பில் 4கே திரை 30 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 30 படம்) மட்டும் ஓடும், மவுஸ் அம்பு தத்தித் தத்தி நகரும்; டேட்டாவுக்கும் படத்துக்கும் ஒரே வயரைப் பங்கு போடுவதால் வரும் குறை இது. மூன்றாவதை யாரும் ஹப்பின் தலையில் போடுவதில்லை. யுஎஸ்பி 3 வேகத்தில் ஓடும் ஹப்பும் டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். வைஃபை தடுமாறும், வயர்லெஸ் மவுஸ் விட்டுவிட்டு வேலை செய்யும். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், ஹப்பை நீளக் கம்பியில் தள்ளி வையுங்கள். எச்டிஎம்ஐ உடம்பிலேயே இருந்தால் இந்தத் தொல்லையில் பாதி வராது.

வெயில் நாளில் மின்விசிறி இல்லாத மெல்லிய லேப்டாப் சீக்கிரம் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பேட்டரி 45 டிகிரியைத் தொட்டால் சார்ஜ் ஏறுவது நின்றுவிடும். பழுது என்று பயப்பட வேண்டாம். மெத்தை மேல் வைக்காமல் கடினமான பரப்பில் வைத்து, ஆறியபின் போட்டால் ஏறும். சார்ஜ் வரம்பை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால் வெப்பமான வாரங்களில் அதைப் போட்டு வையுங்கள். மூடிப் பைக்குள் வைக்கும்போது ஸ்லீப்பில் விடாதீர்கள். புதிய விண்டோஸ் லேப்டாப்புகள் ஸ்லீப்பிலும் அவ்வப்போது விழித்து, பைக்குள்ளேயே சூடாகி, காலையில் காலியாகக் கிடக்கும். ஹைபர்னேட் செய்யுங்கள், அதாவது திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிட்டு முழுசாக அணையும்படி விடுங்கள்.

பழுது பார்ப்பதுதான் பயணத்தின் பலவீனமான இடம். மெல்லிய உடம்பில் ரேம் போர்டோடு பற்றவைத்திருக்கும், சிலவற்றில் கோப்புகள் இருக்கும் எஸ்எஸ்டியும் அப்படித்தான். யுஎஸ்பி-சி வாய் ஆடிப்போனால்கூட மதர்போர்டில் கை வைக்க வேண்டும். போர்ட் ஒன்றே ஒன்று என்றால் அது போன அன்றே லேப்டாப்பும் போனது போலத்தான். இரண்டாவது யுஎஸ்பி-சியை நான் வற்புறுத்துவது இதனால்தான். சில வாரன்ட்டிகள் வாங்கிய நாட்டில் மட்டும் செல்லும், கிளம்பும் முன் சீரியல் எண்ணை வைத்துச் சரிபாருங்கள். விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியை லேப்டாப்பில் மட்டும் வைக்காமல் தாளில் எழுதிப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். மதர்போர்டை மாற்றினால் முதல் முறை திறக்கும்போதே திரை அந்த 48 இலக்கத்தைக் கேட்கும்.